ஒரு ‘வேண்டாம்’, பதினாலு மெத்தை

இருபத்தெட்டு வயது முடிவதற்குள் ஒரே ஒரு கூட்டத்திலாவது வாயைத் திறந்து "வேண்டாம்" என்று சொல்லிவிடுவது என்று தீர்மானம் எடுத்தேன். வயது முடிய இருபத்திரண்டு நாள் பாக்கி இருந்தது.

சிரிக்காதீர்கள். உங்களுக்கு அது சின்ன வார்த்தை. எங்கள் காரோடு ஊர்ப் பக்கத்தில் அதை நேருக்கு நேர் சொன்னவன் இன்னும் பிறக்கவில்லை. பந்தியில் இன்னும் கொஞ்சம் பாயசமா என்றால் "பாப்போம்" என்போம். நிலத்தை விலைக்குக் கேட்டு வந்தவனிடம் "ஆலோசிக்கலாம்" என்போம். பெண் கேட்டு வந்தவனிடம் "ஜெபிச்சிட்டு சொல்லுதோம்" என்போம். அப்புறம் ஜெபித்துக்கொண்டே இருப்போம். அவன் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு பெண்ணைக் கட்டி, பிள்ளையும் பெற்று, அந்தப் பிள்ளைக்கு எங்கள் சபையிலேயே ஞானஸ்நானம் நடக்கும். நாங்கள் முன்வரிசையில் உட்கார்ந்து அப்போதும் ஜெபித்துக்கொண்டிருப்போம்.

இந்த மண்ணில் பிறந்து, போதாததற்குக் குரலும் கம்மியாக வாய்த்தவன் நான். பெயர் அஜீஷ். திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் வேலை. கம்பெனி அங்கே இருக்கிறது. நான் இங்கே, வீட்டு மாடியறையில், ஒரு மடிக்கணினிக்கும் ஒரு மின்விசிறிக்கும் நடுவில். எங்கள் வீடு சரியாக எல்லையில் இருக்கிறது. அடுக்களையில் நின்றால் செல்போன் "தமிழ்நாட்டுக்கு நல்வரவு" என்று செய்தி அனுப்பும். படுக்கையறைக்குப் போனால் கேரளம் வரவேற்கும். பகல் முழுக்க என்னை "வா" என்று சொல்கிறவர்கள் அந்த ரெண்டு டவர்கள் மட்டும்தான்.

என் மனைவி ஜின்சி நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலை ஆறு பத்து பஸ்ஸுக்குப் போவாள். திரும்பி வரும்போது அவளிடம் அன்றைக்கு மிச்சம் இருப்பது அஞ்சாறு வார்த்தை. "சோறு உண்டா அத்தான்?" அதில் மூன்று போய்விடும். "லைட்ட அணைங்க." அவ்வளவுதான், கணக்குத் தீர்ந்தது.

ஆபீஸ் கூட்டங்களிலாவது நான் பேசியிருக்கலாம். ரெண்டு வருஷமாக என் மைக் மூடியே கிடந்தது. ஒரே ஒரு நாள் தவறுதலாகத் திறந்து போய், எங்கள் குக்கர் மூன்று விசில் அடித்தது. "குட் பாயின்ட், அஜீஷ்" என்றார் மேனேஜர். அதுதான் என் உத்தியோக வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே கருத்து.

அதன் பிறகு அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு தாள் வந்தது. முறையான கூட்டங்களில் சொந்தக் கருத்தைப் பணிவோடு சொல்ல நாற்பது இங்கிலீஷ் வாக்கியங்கள். பாறசாலையில் ஒரு கடையில் பிரிண்ட் எடுத்து, நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நாற்பது தோட்டா வைத்திருப்பவன்போல நடந்தேன். சுட ஆள்தான் இல்லை.

ஆள் கிடைத்தது. அயர்லாந்திலிருந்து.

சரி, கேளுங்கள். ஜின்சிக்கு அயர்லாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும்போல் இருந்தது. பரீட்சை எழுதட்டுமா என்று போன வருஷம் கேட்டாள். "பாப்போம்" என்றேன். எழுதிவிட்டாள். பாஸ் ஆகிவிட்டது என்றாள். "கொள்ளாம், நல்லது" என்றேன். இன்டர்வியூ வைத்திருக்கிறார்கள் என்றாள். "ஜெபிப்போம்" என்றேன். பாவி, அவள் நிஜமாகவே ஜெபித்துவிட்டாள்.

இனி ஒரே ஒரு படிதான் பாக்கி. நெய்யாற்றின்கரை ஏஜென்சியில் இருக்கும் பிரேமகுமாரி மேடம் போனில் சொன்னார். இதற்கு முன் இங்கிருந்து போன ரெண்டு நர்சுகள் மூன்றே மாதத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்களாம். வீட்டுக்காரர்கள் போனில் அழுது அழுது விளித்தார்களாம். அதனால் அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் இப்போதெல்லாம் புருஷனையும் ஒரு வீடியோ மீட்டிங்கில் உட்காரவைத்து அபிப்பிராயம் கேட்கிறார்களாம். புருஷன் இழுத்தால் அவர்கள் வேலையே கொடுப்பதில்லை.

"சாரே, சும்மா ஒரு ஃபார்மாலிட்டியாக்கும்" என்றார் பிரேமகுமாரி.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஃபார்மலான மீட்டிங். அபிப்பிராயம். பணிவு. சட்டைப் பையில் நாற்பது தோட்டா.

இதை ஜின்சியிடம் நேரே சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். சொல்லலாம். தமிழில் சொன்னால் அது சண்டை. இங்கிலீஷில் சொன்னால் அது கருத்து. தவிர, "நீ போனால் நான் இந்த வீட்டில் ரெண்டு டவரோடு தனியாக என்ன செய்வேன்?" என்று ஒருத்தியின் முகத்தைப் பார்த்துக் கேட்க எங்கள் பக்கத்தில் பழக்கமில்லை. என்னைக் கூப்பிட்டுக்கொள்ளப் பேப்பர் எல்லாம் சரியாக ஒரு வருஷமாவது ஆகும் என்று அவளே சொல்லியிருந்தாள். ஒரு வருஷம் என்றால் முந்நூற்று அறுபத்தைந்து சாயங்காலம். நான் எண்ணிப் பார்த்தேன். லீப் வருஷமாக இருந்துவிடக்கூடாதே என்று காலண்டரையும் புரட்டினேன்.

கூட்டத்துக்குப் பதினாறு நாள் இருந்தது. அன்றே உணவு மேஜையில் பயிற்சியை ஆரம்பித்தேன். சத்தம் கேட்டு ஜின்சி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். குளித்துவிட்டு வந்தவள், தலையில் ஈரத்துண்டு, கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரை.

"யாருகிட்ட பேசுதீங்க?"

"ஆபீஸ் மீட்டிங்குக்கு ப்ராக்டிஸ்."

"என்ன மீட்டிங்?"

அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த யோசனையை இப்போது நினைத்தாலும் பெருமையாக இருக்கிறது. "ஒரு சர்வர் இருக்கு" என்றேன். "கம்பெனியோட சர்வர். அத வெளிநாட்டுக்கு மாத்தணும்னு சொல்லுதாங்க. நான் எதிர்த்துப் பேசணும்."

ஜின்சி என்னைப் பார்த்தாள். கீரையைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அப்ப நான் மேனேஜர். பேசுங்க."

மாதக்கணக்கில் அவள் என் எதிரே உட்கார்ந்ததில்லை. இருமிவிட்டுத் தாளை விரித்தேன். "ஐ டிஸகிரீ."

"ஐயோ!" கீரைக்காம்பை என் பக்கம் நீட்டினாள். "அடிக்க வாறது போல இருக்கு அத்தான். முன்னாடி ஒரு மெத்த போடுங்க."

"மெத்தயா?"

"பின்ன? ஆளு விழுற எடத்துல மெத்த வேண்டாமா? நான் வார்டுல ஊசி போடுறதுக்கு முன்னாடி 'எந்த ஊரு, பிள்ளைங்க எத்தன'ன்னு கேக்கமாட்டேனா? அதுபோல."

நியாயம்தான். "ஐ சீ யுவர் பாயின்ட், பட் ஐ டிஸகிரீ" என்றேன்.

"கொள்ளாம். இன்னும் ஒரு மெத்த."

"வித் ஆல் ட்யூ ரெஸ்பெக்ட், ஐ சீ யுவர் பாயின்ட்..."

"இப்பதான் மனுஷன் பேசுற மாதிரி இருக்கு."

அடுத்த நாள் "ஐயாம் அஃப்ரெய்ட் ஐ கேனாட் அக்ரீ" என்ற வாக்கியத்தைக் கொண்டு போனேன். தாளில் இருபத்து மூன்றாவது. அந்த நாற்பதில் எனக்கு மிகவும் பிடித்தது. பயமாக இருக்கிறது, என்னால் சம்மதிக்க முடியவில்லை. எனக்கென்றே எழுதினதுபோல் இருந்தது. மற்ற முப்பத்தொன்பதும் பணிவு. இது ஒன்றுதான் உண்மை.

ஜின்சி கீரை உருவுவதை நிறுத்தினாள். "பயமா இருக்குன்னா?"

"அது சும்மா ஒரு மரியாதைக்கு."

"மரியாதைக்குன்னா வேண்டாம், எடுத்திருங்க" என்றாள். மறுபடி ஒரு காம்பை எடுத்துக்கொண்டு, "உள்ளதுன்னா இருக்கட்டும்" என்றாள்.

நான் எடுத்துவிட்டேன்.

இப்படியே தினமும் அரைமணி நேரம். அவள் டியூட்டி முடிந்து வந்து குளித்ததும் "வாங்க, உங்க சர்வர் எங்க?" என்பாள். நான் ஓடிப்போய் உட்காருவேன். ஒரு வருஷத்தில் பேசாததெல்லாம் அந்த மேஜையில் பேசினோம். எல்லாம் சர்வரைப் பற்றித்தான்.

"அந்த சர்வர் இஞ்ச ஒழுங்கா வேல செய்யுதா?"

"நல்லா செய்யுது."

"அத இஞ்ச யாராவது கவனிக்குதாங்களா?"

யோசித்தேன். "கவனிக்கிறாங்கன்னு சொல்ல முடியாது. ஓடிட்டே இருக்கும். அது பாட்டுக்கு."

"அஞ்ச, வெளிநாட்டுக்கு போனா?"

"அஞ்ச நல்ல குளிரு. சர்வருக்கு அது நல்லது. பெரிய பெரிய வேல குடுப்பாங்க."

"பின்ன உங்களுக்கு என்ன கஷ்டம்?"

தாளில் அதற்குப் பதில் இல்லை. "இஞ்ச ரூமு காலியா கெடக்கும்" என்றேன்.

ஜின்சி உருவி முடித்த காம்புகளை எடுத்து மறுபடி உருவினாள்.

இன்னொரு நாள் அவளாகவே சொன்னாள். "அத்தான், அந்த அயர்லாந்து ஆஸ்பத்திரியில காலையில டாக்டரும் நர்சும் ஒண்ணா மீட்டிங் போடுவாங்களாம். 'இந்த பேஷண்டப் பத்தி உங்க அபிப்பிராயம் என்ன'ன்னு நர்சுகிட்ட கேப்பாங்களாம். நான் ஏழு வருஷமா வேல பாக்குதேன். எனக்கிட்ட ஒருத்தரும் கேட்டதில்ல."

"யாருமேவா?"

"வீட்டுலயும்தான்."

நான் உடனே தாளைப் புரட்டினேன். அடுத்தவர் கருத்தைக் கேட்பதற்கான வாக்கியங்கள் பின்பக்கத்தில் இருந்தன. கண்டுபிடிப்பதற்குள் அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

பக்கத்து வீட்டு சுகிர்தபாய் அக்காவிடம் மட்டும் நான் உண்மையைச் சொன்னேன். அவர்களுக்கு ரெண்டு பெண் மக்கள். ஒருத்தி துபாய், ஒருத்தி லண்டன். வாரத்தில் மூன்று தடவை டிவி ரிமோட்டுக்கு பேட்டரி மாற்ற என்னை விளிப்பார்கள். அந்த ரிமோட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அக்காவுக்கும் தெரியும். நான் பழைய பேட்டரியை எடுத்துத் துடைத்து, அதையே திரும்பப் போடுவேன். அதற்குள் பால் சேர்க்காத ஒரு கட்டஞ்சாயா வந்துவிடும்.

"இங்கிலீஷ்லயா?" என்றார்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. "எலே மக்கா, கெட்டின பெண்ணுகிட்ட ஒரு வார்த்த சொல்லதுக்கு வெள்ளக்கார மதாம்மய எதுக்கு விளிக்கிய?"

"நேரா சொன்னா சங்கடம்லா அக்கா."

"சங்கடமா? எனக்க வீட்டுல நாலு பாத்ரூம் உண்டு, அறியுமா? நாலுலயும் சூடுதண்ணி வரும். ஒண்ணுலயாக்கும் ஆளு. எனக்க மக்க ரெண்டுபேரும் கெளம்பும்போ நானும் சங்கடப்பட்டுட்டு 'போயிட்டு வாங்க மக்களே'ன்னு சிரிச்சேன். இப்ப யாருகிட்ட போயி சொல்ல?"

"என்ன சொல்லணும் அக்கா?"

"போடே" என்றார்கள். "சாயா ஆறுது."

நானும் குடித்தேன். ஆனால் என் திட்டத்தில் எனக்கு நம்பிக்கை இருந்தது. அக்காவிடம் அந்தத் தாள் இல்லை. என்னிடம் இருந்தது.

பதினைந்தாம் நாள் ஒத்திகை முடிந்தபோது என் பேச்சு ஏழு நிமிஷத்துக்கு வளர்ந்திருந்தது. ஜின்சி விரல்விட்டு எண்ணினாள். "பதினாலு மெத்த" என்றாள் திருப்தியோடு. "இனி எங்க விழுந்தாலும் வலிக்காது."

"கடைசில ஒரு 'வேண்டாம்' இருக்கு" என்று ஞாபகப்படுத்தினேன்.

"இருக்கட்டும். 'ஹௌஎவர்'னு சொல்லிட்டு ஒரு மூச்சு விடுங்க. அப்பதான் அதுக்கு ஒரு கெத்து."

எனக்கே கொஞ்சம் குற்ற உணர்ச்சியாக இருந்தது. அப்பாவி. தன் தலையில் விழப்போகிற தேங்காய்க்கு அவளே ஏணி பிடிக்கிறாள்.

கூட்டம் செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரைக்கு. நான் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டேன். கீழே கைலி, மேஜைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அயர்லாந்துக்குத் தெரிய வேண்டியதில்லை. ஜின்சி நீலப் பருத்திச் சேலை கட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் மூன்று கட்டம். ஒன்றில் பிரேமகுமாரி. ஒன்றில் வெள்ளைமுடி வைத்த தலைமை நர்ஸ் அம்மா. இன்னொன்றில் செந்தாடி வைத்த ஒரு அதிகாரி.

குசலம் முடிந்தது. வெள்ளைமுடி அம்மா நேரே என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணில் அப்படி ஒரு கனிவு. உங்கள் மனைவி இங்கே வருவதைப் பற்றி உங்கள் அபிப்பிராயம் என்ன, மனம்விட்டுச் சொல்லுங்கள் என்றார் இங்கிலீஷில்.

நான் மைக்கைத் திறந்தேன். குக்கரை முன்கூட்டியே இறக்கிவைத்திருந்தேன்.

"தேங்க்யூ ஃபார் கிவிங் மீ திஸ் ஆப்பர்ச்சூனிட்டி" என்று ஆரம்பித்தேன். முதல் மெத்தை. குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. மாடியறையில் ரெண்டு வருஷமாக அடைந்துகிடந்த குரல், வெளிச்சத்தைப் பார்த்ததும் ஆடாமல் அசையாமல் நடந்தது. உங்கள் நேரத்தின் மதிப்பை நான் அறிவேன் என்றேன். உங்கள் ஆஸ்பத்திரியின் தேவையை முழுமையாகப் புரிந்துகொள்கிறேன் என்றேன். நான் சொல்வதில் தவறிருந்தால் திருத்துங்கள் என்றேன். செந்தாடி தலையை ஆட்டினார். இன் மை ஹம்பிள் ஒப்பீனியன், என் மனைவி ஒரு மிகச் சிறந்த நர்ஸ் என்றேன். அது ஒன்பதாவது மெத்தை, ஆனால் சொல்லும்போது அது மெத்தையாக இல்லை. ஏழு வருஷமாக ஆறு பத்து பஸ்ஸை அவள் தவறவிட்டதே இல்லை என்று தாளில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். அவளிடம் யாராவது அபிப்பிராயம் கேட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னேன். இப்படி ஒரு நர்ஸ் உங்களுக்கு ஏன் வேண்டும் என்பது எனக்கு நன்றாகவே தெரிகிறது என்றேன்.

வெள்ளைமுடி அம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

பதினாலும் முடிந்தது. அடுத்தது அந்த 'வேண்டாம்'தான். ஐயாம் சாரி, ஷி ஷுட் நாட் கோ. ஒரே வாக்கியம்.

"ஹௌஎவர்..." என்றேன்.

மூச்சு விட்டேன்.

அந்த மூச்சில்தான் நடந்தது. ஜின்சி மேஜைமேல் இருந்த என் கையின்மேல் தன் கையை வைத்தாள். சும்மா வைத்தாள். டெட்டாலும் முருங்கைக்கீரையும் கலந்த ஒரு மணம். அந்தக் கை என் கையைத் தொட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று எண்ணப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், சொல்ல வேண்டிய வாக்கியம் அங்கே இல்லை. எந்தப் பஸ்ஸில் ஏறிப் போயிற்றோ.

மூன்று கட்டங்களும் காத்திருந்தன.

"ஹௌஎவர்" என்றேன் மறுபடி. "தேங்க்யூ."

செந்தாடி கைதட்டினார். வெள்ளைமுடி அம்மா கண்ணைத் துடைத்தார். இருபது வருஷ அனுபவத்தில் மனைவிக்கு இப்படித் துணை நிற்கும் ஒரு கணவனைப் பார்த்ததில்லை என்றார். பிரேமகுமாரி பரவசத்தில் மலையாளத்துக்கே போய்விட்டார்: "என்டெ ஈசோயே, எந்தொரு மனுஷ்யன்!" இயேசுவே, இப்படியும் ஒரு மனுஷனா என்று அர்த்தம். திரை அணைந்தது.

நான் கோட்டோடும் கைலியோடும் உட்கார்ந்திருந்தேன்.

ஜின்சி எழுந்து அடுக்களைக்குப் போனாள். அங்கிருந்தே கேட்டாள். "அத்தான், அப்ப சர்வருக்கு டிக்கெட் எடுக்கட்டா?"

எனக்குக் காது ரெண்டும் சுட்டது. எழுந்து போய் வாசலில் நின்றேன். "எப்ப தெரியும் உனக்கு?"

"மொத நாளே."

"பின்ன எதுக்கு உக்காந்து மெத்த எல்லாம் போட்டுத் தந்த?"

அவள் சாயாவுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "பதினாறு நாளு காத்திருந்தேன். இப்ப தமிழ்ல சொல்லுவீங்க, இப்ப சொல்லுவீங்கன்னு. நீங்க அந்தத் தாள விடல."

"தமிழ்ல சொல்லியிருந்தா போயிருக்க மாட்டியா?"

"போயிருப்பேன்" என்றாள். "சண்ட போட்டுட்டு போயிருப்பேன். சண்ட போட்டுட்டு போறதுக்கும் வீட்டுல ஒரு ஆளு வேணும்லா அத்தான்?"

சாயா கொதித்து இறங்கும்போதுதான் நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையில் சாயாவைத் தந்துவிட்டாள். சூடாக இருந்தது. வாய் அதற்காகத் திறந்ததுபோல் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சபையில் அறிவிப்பு வாசித்தார்கள். ஜின்சிக்கு வேலை கிடைத்ததற்காக ஒரு ஸ்தோத்திரம். இவ்வளவு நல்ல புருஷன் கிடைத்ததற்காக இன்னொரு ஸ்தோத்திரம். எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சுகிர்தபாய் அக்கா மட்டும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் போய் நாலு மாதம் ஆகிறது. வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. முருங்கை தழைத்து மதிலுக்கு மேலே போய்விட்டது. ஒருத்தனுக்கு எவ்வளவு கீரை வேண்டும்? ஜின்சிக்கு அங்கே காலைக் கூட்டத்தில் அபிப்பிராயம் கேட்கிறார்களாம். நிறையச் சொல்கிறாளாம். அதனால் சாயங்காலம் என்னை விளிக்கும்போது கொஞ்சம் களைத்துப் போயிருப்பாள். எட்டு நிமிஷம் பேசுவோம். நல்ல நாள் என்றால் பதினொன்று.

இதில் நான் உங்களிடம் சொல்லாத ஒன்று உண்டு. அந்த ஏழு நிமிஷப் பேச்சை அவர்கள் பதிவுசெய்து வைத்திருந்தார்கள். இப்படிப்பட்ட கணவரை விடக்கூடாது, இங்கிருந்து வரப்போகிற மற்ற நர்சுகளின் புருஷன்மாரிடம் மாதம் ஒருமுறை பேசவைக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் யாரோ யோசனை சொன்னார்களாம். யார் என்று விசாரித்தேன். காலைக் கூட்டத்தில் ஒரு புது நர்ஸ் பணிவோடு தெரிவித்த கருத்து அது.

ஆக, ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை நான் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன். பிரேமகுமாரி புருஷன்மாரைச் சேர்த்துக் கொண்டு வருவார். பெருங்கடவிளையிலிருந்து மூணு பேர், அமரவிளையிலிருந்து ரெண்டு பேர். எல்லாரும் நம் ஆட்கள்தான். "பாப்போம்" என்பார்கள், "ஆலோசிக்கலாம்" என்பார்கள். ஏழு நிமிஷத்தில் எல்லாருக்கும் கண் கலங்கிவிடும். அயர்லாந்திலிருந்து ஜின்சியும் ஒரு கட்டத்தில் இருப்பாள். அதற்காகத்தான் நான் போகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போன சனிக்கிழமை ஒரு அதிசயம் நடந்தது. கள்ளிக்காட்டிலிருந்து மோகனன் என்று ஒருவர் வந்திருந்தார். ரப்பர் வெட்டுகிறவர். மனைவி பெயர் லிஷா. பிரேமகுமாரி அவரிடம் அபிப்பிராயம் கேட்டார். மோகனன் கேமராவை நேராகப் பார்த்தார்.

"எனக்கு சம்மதம் இல்ல. அவ போவண்டாம். அவ இல்லாம எனக்கு முடியாது."

அவ்வளவுதான். ஒரு மெத்தைகூட இல்லை. வெறும் தரை.

நான் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டேன். கைலி தெரிந்திருக்கும், தெரியட்டும். என் வாழ்நாளில் இந்தப் பக்கத்தில் ஒருவன் அதைச் சொல்லிக் கேட்கிறேன். பிடித்த பிடியை விடாதீர்கள் அண்ணாச்சி என்று கத்த வேண்டும்போல் இருந்தது. மைக்கைத் திறந்தேன்.

அப்போது திரையின் ஓரத்தில் எனக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது. ஜின்சி. "அத்தான், நாளைக்கு எனக்கு முழுநாள் லீவு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசலாம். இவர மட்டும் ஒண்ணு சொல்லி சம்மதிக்க வைங்க."

முழுநாள்.

நான் உட்கார்ந்தேன். கோட்டைச் சரிசெய்தேன். "மோகனண்ணே, நீங்க சொல்றது எனக்கு நல்லாவே புரியுது" என்று ஆரம்பித்தேன்.

ஏழாவது நிமிஷம் மோகனன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போகட்டும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்குக்கூடப் போகாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஜின்சியின் லைன் பிஸி. பெட்டியில் என்னென்ன கொண்டுவரணும் என்று லிஷாவுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாளாம்.